ஆயிரம் குஞ்சு பொரிக்கலாம், எங்கே விடுவது?

ஆஸ்கார் என்று ஒரு மீன். சினிமாப் பரிசு அல்ல. மீனின் பெயரே அதுதான்!

அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசான் ஆற்றுப் பக்கம் வாழும் மீன் அது. கறுத்த உடம்பு. அதில் தணல் போலச் சிவப்புத் திட்டுகள். வால் அருகே கண் போல ஒரு வட்டம். கடையில் வாங்கும்போது இரண்டு அங்குலம் இருக்கும். முழு வளர்ச்சி அடைந்தால் ஒரு அடி! பத்து வருஷம் உயிர் வாழும். வாய்க்குள் அடங்கும் மீன் எதுவானாலும் விழுங்கிவிடும்.

வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம் சென்னை கொளத்தூர். என் மைத்துனர் அங்கே போய் ஆறு ஆஸ்கார் குஞ்சுகளை வாங்கி வந்தார். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். "வாங்கிக் கொடுங்கள் மாப்பிள்ளை" என்று நானும் தூபம் போட்டேன். ஆகவே, பின்னால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

ஏன் ஆறு?

ஆஸ்காரில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். முட்டையிடும் சமயத்தில்தான் அடிவயிற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அதனால் ஐந்தாறு குஞ்சுகளைச் சேர்த்து வளர்ப்பார்கள். பெரிதானதும் அவையே ஜோடி சேரும். நாம் பார்த்து வைக்கும் சம்பந்தம் அங்கே செல்லாது! நாமாக இரண்டைப் பிடித்து ஒன்றாகப் போட்டால், ஒன்று மற்றொன்றைக் கொன்றாலும் கொன்றுவிடும்.

ஜோடிக்குப் பெரிய தொட்டி வேண்டும். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். அதில் சுமார் 450 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரின் எடை மட்டும் 450 கிலோ! மாடியில் வைக்க நினைப்பவர்கள் கட்டடம் தெரிந்தவரைக் கேட்டுக்கொண்டு வையுங்கள்.

தின்னிப் பண்டாரமான மீன் தண்ணீரையும் சீக்கிரம் கெடுத்துவிடும். வாரா வாரம் கால் பங்கு தண்ணீராவது மாற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுவது நல்லது. சிலர் உயிருள்ள தங்க மீன்களை இரையாகப் போட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆஸ்காருக்கும் அது நல்லதல்ல, நோய் தொற்றும். கடையில் விற்கும் குருணைத் தீனியும் உரித்த இறாலும் போதும்.

தாயும் தகப்பனும்

ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஒரு நாள் இரண்டு மீன்கள் வாயோடு வாய் கவ்விக்கொண்டு இழுத்தன. சண்டை என்று பிள்ளைகள் அலறினார்கள். சண்டை இல்லை, அதுதான் அங்கே கல்யாணப் பேச்சு!

மைத்துனர் மற்ற நான்கையும் வேறு தொட்டிக்கு மாற்றினார். ஜோடி ஒரு தட்டைக் கல்லைத் தேர்ந்தெடுத்தது. வாயால் உரசி உரசிச் சுத்தம் செய்தது. பெண் மீன் வரிசை வரிசையாக முட்டையிட்டது. ஆண் மீன் பின்னாலேயே வந்தது. ஆயிரத்துக்கு மேல் முட்டைகள்!

முதல் தடவை எல்லாவற்றையும் அவையே தின்றுவிட்டன. புதுப் பெற்றோர் அப்படிச் செய்வது உண்டு. மறுமுறை தின்னவில்லை. இரண்டும் மாறி மாறிக் காவல் இருந்தன. துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தன. வெண்மையாக இருந்த முட்டைகள் மறுநாள் கண்ணாடி போலத் தெளிந்தன. வெள்ளையாகவே நின்றவை பூஞ்சை பிடித்துக் கெட்டன. நான்காம் நாள் குஞ்சு பொரித்தது. பெற்றோர் குஞ்சுகளை வாயால் கவ்விச் சரளைக் குழியில் கொண்டுபோய் வைத்தன. பெரிய மீனையே விழுங்கும் வாய். குஞ்சுக்கு அதுவே தொட்டில்! என் தங்கை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. இனி இரை வேண்டுமே! அதற்கு ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ப் பூச்சியின் முட்டை கடையில் கிடைக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி கல்லுப்பு கரைத்து, அதில் இந்த முட்டையைப் போட்டு, காற்றுக் குழாயை விட வேண்டும். ஒரு நாள், ஒன்றரை நாளில் செந்நிறப் புள்ளிகளாகப் பூச்சிகள் வரும். அவற்றை வடிகட்டித் தினம் மூன்று நான்கு வேளை கொடுத்தார்கள். குஞ்சுகளைத் தரம் பிரிப்பதும் பெரிய வேலை. பெரிய குஞ்சு சின்னக் குஞ்சைத் தின்றுவிடும்.

மூன்றாம் மாதம் வீட்டில் அறுநூறு குஞ்சுகள். அண்டா, தவலை, குளியலறைத் தொட்டி எங்கும் மீன்! கடைக்காரர் ஐம்பதுதான் எடுத்துக்கொண்டார். உறவினர் இருபது வாங்கினர். மீதி?

புண்ணியமா, பாவமா?

"ஏரியில் விட்டுவிடலாமே! உயிரை விடுவித்த புண்ணியம் கிடைக்கும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அது புண்ணியம் அல்ல என்பது என் கட்சி.

மத்திய அமெரிக்காவில் பனாமா கால்வாயோடு சேர்ந்த காட்டூன் ஏரி இருக்கிறது. 1967 வாக்கில் ஆஸ்காரின் இனத்தைச் சேர்ந்த ஒரு வேட்டை மீன் அங்கே புகுந்தது. மயில் பாஸ் என்பது அதன் பெயர். சில வருஷங்களுக்குள் அந்த ஏரியின் சொந்த மீன்கள் பல காணாமல் போயின. விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1973-ல் எழுதினார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆஸ்காரே கால்வாய்களில் குடியேறிவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஜிலேபிக் கெண்டை எங்கிருந்து வந்தது? அது ஆப்பிரிக்க மீன். உணவுக்காக 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத குளம் உண்டா? வந்த மீன் திரும்பிப் போகாது.

ஏரியில் விடப்படும் அறுநூறு குஞ்சுகளில் பாதி செத்தாலும் மீதி முந்நூறு. நம் குளத்துச் சிறு மீன்களுக்கு அந்த வாயைத் தெரியாது. கெளுத்திக் குஞ்சுக்கும் அயிரைக்கும் யார் புண்ணியம் தேடுவது?

என் அபிப்பிராயம் இதுதான். மீன் வளருங்கள். ஜோடியும் சேருங்கள். ஆனால் எத்தனை குஞ்சுக்கு இடம் உறுதியோ, அத்தனையை மட்டும் வளருங்கள். மிஞ்சும் முட்டையைப் பொரிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். முட்டையை எடுப்பது கொடுமை என்று சிலர் சண்டைக்கு வரலாம். தவலையில் மூச்சு முட்டி நூறு குஞ்சு மிதந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கொடுமை அதுதான்.

மீதிக் குஞ்சுகளை மைத்துனர் ஏரியில் விடவில்லை. ஞாயிறுதோறும் வாளியோடு கடை கடையாக ஏறி இறங்கினார். பாதிக்கு மேல் இலவசமாகவே கொடுத்தார். நான்கு மாதம் பிடித்தது.

போன மாதம் ஜோடி மறுபடி முட்டையிட்டது. மைத்துனர் அன்றைக்கே கல்லை வெளியே எடுத்தார். முட்டைகளைச் சுரண்டித் துடைத்தார். கல்லைக் கழுவிப் பழைய இடத்தில் வைத்தார். இரண்டு மீன்களும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. கடைக்குட்டிப் பெண் அன்று சாப்பிடவில்லை. அப்பாவோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் அவளே ஓடி வந்தாள். "அப்பா, மறுபடியும் கல்லைச் சுத்தம் பண்ணுதுங்க!" என்றாள்.