அல்ட்ராசோனிக் மட்டும் போதாது: சங்கத்தின் நிலைப்பாடு

பாலிஎதிலீன் குழாய் ஜாயின்ட்டுகளை அல்ட்ராசோனிக் அறிக்கையை மட்டும் வைத்து ஏற்கலாம், வெட்டி இழுத்துப் பார்க்கும் சோதனை இனி வேண்டாம் என்ற முடிவைச் சங்கம் ஏற்கவில்லை.

சங்கம் அல்ட்ராசோனிக் கருவிக்கு எதிரி அல்ல. எஃகில் நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் ஓடும் ஒலி, பாலிஎதிலீனில் 2,300 மீட்டர் அளவுக்கே போகும். சீக்கிரம் வலுவும் இழக்கும். ஃபேஸ்டு அர்ரே என்ற அல்ட்ராசோனிக் முறை இந்தத் தடையைப் பெருமளவு தாண்டிவிட்டது. உள்ளே சிக்கிய மண், காற்றுக்குமிழி, எலக்ட்ரோஃப்யூஷன் ஃபிட்டிங்கில் இடம் பெயர்ந்த கம்பி எல்லாம் அதில் தெரியும்.

ஆனால் கோல்டு வெல்டு அதில் தெரியுமா?

ஹீட்டர் பிளேட்டை எடுத்தபின் காற்றில் முனைகள் ஆறிப்போகும். அல்லது அளவுக்கு மீறி அழுத்தியதில் உருகியது முழுவதும் வெளியே பிதுங்கிவிடும். இரு முகங்களும் தொட்டுக்கொண்டிருக்கும், பிணைந்திருக்காது. இதுதான் கோல்டு வெல்டு. இடைவெளி இல்லாததால் ஒலி தடையின்றிக் கடந்துவிடும். வெளியே பிதுங்கி நிற்கும் விளிம்பும் (பீடு) அழகாகவே இருக்கும். இழுத்தால் ஜாயின்ட் மொட்டையாகப் பிளக்கும். அமெரிக்காவின் பசிஃபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் ஃபேஸ்டு அர்ரே, மைக்ரோவேவ் உள்ளிட்ட முறைகளை பட் ஃப்யூஷன் ஜாயின்ட்டுகளில் ஒப்பிட்டுப் பார்த்தது. வெட்டிச் சோதித்தபோது வெளிப்பட்ட ஒட்டாமைகள் அனைத்தையும் எந்த முறையும் பிடிக்கவில்லை. அணுமின் நிலையக் குழாய்களுக்காக நடந்த ஆய்வு அது. அவ்வளவு கவனத்தோடு பார்த்தும் தப்பியவை, மழையில் குழிக்குள் ஒருவர் அவசரமாகப் புரோப் ஓட்டும்போது சிக்கிவிடும் என்று யார் உறுதி தருவார்கள்?

எலக்ட்ரோஃப்யூஷனில் நிலைமை ஓரளவு மேல். உருகிய பகுதியின் எல்லை, கம்பிக்கு மேலே ஒரு கோடாகப் படத்தில் விழுவதுண்டு. அதை எவ்வளவு நம்பலாம் என்பதில் சங்கத்துக்குள் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை.



கிளாம்ப்பில் ஆறும் நேரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, ஜாயின்ட் விட்டுப்போனதும் வெல்டர் மேல் பழி போடுவதை மட்டும் சங்கம் பொறுக்காது. மாதிரி ஜாயின்ட்டுகளை வெட்டிச் சோதிப்பது, சூழ்நிலைக்கேற்ற எண்ணிக்கையில், தொடர வேண்டும். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றும் பதிவாக வேண்டும். நேரத்தைக் குறைக்கும் உத்தரவை எழுத்தில் தராத இடத்தில், குறித்த நேரம் முடியும் முன் எந்த உறுப்பினரும் கிளாம்ப்பைக் கழற்ற வேண்டாம். எழுத்தில் தந்தால் அந்தத் தாளை அன்றே சங்கத்துக்கு அனுப்புங்கள்.