கணக்கை விட்டுவிடலாமா, கண்ணு?

ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை இரவு. ராசிபுரத்தில் ஒரு வீடு. தறிப்பட்டறையைப் பூட்டிவிட்டு வந்த அப்பா கை கழுவிச் சாப்பிட உட்காருகிறார். பிளஸ் ஒன் படிக்கும் மகள், முதல் இடைத்தேர்வு விடைத்தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். கணிதம். 50-க்கு 14.

பத்தாம் வகுப்பில் இதே கணிதத்தில் 93 வாங்கிய பிள்ளை.

"அப்பா, நான் குரூப்பு மாத்திக்கட்டுங்களா?"

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "ஃபர்ஸ்ட் குரூப்பு வேணும்னு நானும் உங்கம்மாளும் ஸ்கூல் ஸ்கூலா அலைஞ்சது மறந்து போச்சா சாமி?" என்கிறார். அம்மாவுக்கு வேறு கவலை. "கணக்கு இருந்தா எதுக்கு வேணும்னாலும் போலாம். அத விட்டுட்டா அப்புறம் என்ன பண்றது?" ஊரிலிருந்து வந்திருந்த அப்புச்சி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வீடு ராசிபுரத்தில் எந்தத் தெருவிலும் இருக்கலாம். நாமக்கல், சேலம், திருச்செங்கோடு என்று எந்த ஊரிலும் இருக்கலாம். பிளஸ் ஒன் முதல் தேர்வு முடிந்ததும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வீட்டில் எழத்தான் செய்கிறது. கேட்கிற பிள்ளைக்குக் கேட்கவே பயம். பதில் சொல்கிற பெற்றோருக்குத் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம்.

93 எப்படி 14 ஆனது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை திடீரென்று மக்காகிவிடவில்லை. புத்தகம்தான் மாறியிருக்கிறது.

பத்தாம் வகுப்புக் கணக்குகளில் பெரும்பாலானவை போட்டுப் போட்டுப் பழகினால் வந்துவிடும். பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் அப்படியில்லை. கணங்கள், சார்புகள் என்று தொடங்கி, அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல் என்று முதல் சில மாதங்களிலேயே வேகமெடுக்கிறது. இரண்டாம் தொகுதியில் எல்லைகள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் வருகின்றன. ஒரு கணக்கை மனப்பாடம் செய்தால் அடுத்த கணக்கு வராது. ஏன் இப்படிச் செய்கிறோம் என்று தெரிந்தால்தான் வரும். பத்தாம் வகுப்பில் நன்றாக மதிப்பெண் வாங்கிய பலருக்கும் முதல் தேர்வில் சறுக்கல் வருவது இதனால்தான்.

ஆகவே ஒரே ஒரு விடைத்தாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அந்த விடைத்தாளைக் கணித ஆசிரியரிடம் எடுத்துப்போய் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "பிள்ளை எந்த இடத்துல தப்பு பண்ணுதுங்க?"

கணக்கைத் தொடங்கும் விதம் சரி, நடுவில் காரணிப்படுத்தும்போதோ குறி மாற்றும்போதோ தவறுகிறது என்றால், குறை பதினொன்றாம் வகுப்பில் இல்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் விட்ட ஓட்டை அது. தினமும் அரை மணி நேரம் பழைய புத்தகத்தோடு உட்கார்ந்தால் ஒன்றிரண்டு மாதங்களில் அடைத்துவிடலாம். அப்படிப்பட்ட பிள்ளை குரூப் மாற வேண்டியதில்லை.

முதல் வரியே எழுத வரவில்லை, கேள்வி என்ன கேட்கிறது என்றே புரியவில்லை என்றால் அது வேறு. அதற்கு உதவியும் வேண்டும், நேரமும் வேண்டும். அந்த நேரத்தை எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது, எதற்காக எடுப்பது என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

எந்தக் கதவு மூடும், எது மூடாது?

"கணக்கு இருந்தா எதுக்கு வேணும்னாலும் போலாம்" என்று அம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கணிதத்தை விட்டால் மூடும் கதவுகள் உண்டு. ஆனால் எல்லாக் கதவும் மூடாது.

பொறியியல் படிக்க வேண்டும் என்றால் கணிதத்தை விடக் கூடாது. தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மொத்தம் 200. அதில் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பாதி மதிப்பெண் கணிதத்திடம்தான் இருக்கிறது. பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் என்று பெயரில் 'பயோ' இருந்தாலும் அவை பொறியியல் படிப்புகளே. அங்கும் கணிதம் வேண்டும். பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல், இயற்பியல் படிக்க நினைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், வேளாண்மை ஆகியவற்றுக்குப் பிளஸ் டூவில் கணிதம் கட்டாயமில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்கலாம். அப்படி நான்கு அறிவியல் பாடங்களும் இருக்கும் குரூப்பைத்தான் 'பியூர் சயின்ஸ்' என்கிறார்கள்.

சி.ஏ. படிக்க எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அதன் ஃபவுண்டேஷன் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த 100 மதிப்பெண் தாள் ஒன்று காத்திருக்கிறது. ராணுவத்தில் சேர என்.டி.ஏ. எழுதுபவர்களில் தரைப்படைக்குப் பிளஸ் டூவில் எந்த குரூப்பும் போதும். ஆனால் நுழைவுத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணிதத்துக்கு. வாசலில் கேட்காத கணக்கை உள்ளே போனதும் கேட்கிற இடங்களும் உண்டு.

வணிகக் கணிதம் ஓய்வு நாற்காலி அல்ல

"ஃபர்ஸ்ட் குரூப்பு வேண்டாம், காமர்ஸ்ல பிசினஸ் மேத்ஸ் எடுத்துக்கறேன், அது ஈஸி" என்று சொல்லும் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. மாநிலப் பாடத்திட்டத்தின் 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' நூலில் பதினொன்றாம் வகுப்பிலேயே அணிகள், பகுமுறை வடிவியல், முக்கோணவியல், வகை நுண்கணிதம் எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு நிதியியல் கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல். பயன்பாடு வேறு, ஆழம் கொஞ்சம் குறைவு. ஆனால் அதுவும் கணக்குதான். பணம், வட்டி, விலை, லாபம் என்று சொன்னால் மண்டையில் ஏறுகிற பிள்ளைக்கு அது பொருத்தமான இடம். கணக்கே வேண்டாம் என்று ஓடுகிற பிள்ளைக்கு அல்ல.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இந்தக் கேள்வி பத்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. 2020 பொதுத் தேர்விலிருந்து 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என்று கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள். பாடமும் புத்தகமும் ஒன்றே; வினாத்தாளின் கடினம் மட்டும் வேறு. பதினொன்றில் கணிதம் எடுப்பவர்களுக்கு ஸ்டாண்டர்டு என்பது விதி. இடையில் சில ஆண்டுகள் தளர்த்தியிருக்கிறார்கள். எனவே இந்த ஆண்டு நிலவரம் என்ன என்று பள்ளியில் கேட்டுவிட்டு பேசிக் எடுப்பதே பாதுகாப்பு. 2020-21 முதல் பதினொன்றாம் வகுப்பில் 'அப்ளைடு மேத்தமேடிக்ஸ்' என்ற இன்னொரு பாடமும் இருக்கிறது. வணிகம், பொருளாதாரம் பக்கம் போகிறவர்களை நினைத்து அமைத்த பாடம் அது. பொறியியலுக்குப் போகிறவர்கள் வழக்கமான கணிதத்தையே எடுக்க வேண்டும்.

அப்புச்சி காலத்திலும் இருந்தது

இரண்டு வகைக் கணிதம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு, பதினொன்றாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த காலத்தில், 'காம்போசிட் மேத்ஸ்' என்று ஒன்றும் 'ஜெனரல் மேத்ஸ்' என்று ஒன்றும் இருந்தன. காம்போசிட் கடினம். ஜெனரல் அன்றாட வாழ்க்கைக்குப் போதுமானது. இன்று அறுபத்தைந்தைத் தாண்டிய தாத்தாக்களைக் கேட்டால் யார் எதை எடுத்தார்கள் என்று இன்னமும் சொல்வார்கள்.

பின்லாந்தில் மேல்நிலைப் பள்ளிக் கணிதம் இரண்டு வகை. பேச்சு வழக்கில் அதை 'நீளக் கணிதம்', 'குட்டைக் கணிதம்' என்கிறார்கள். ஒன்று நெடுந்தூரப் பாதை, இன்னொன்று குறைந்த தூரம். நம் ஊரில் மட்டும் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு என்று வரிசை எண் போட்டுவிட்டோம். அதனால்தான் குரூப் மாறுவது என்றாலே படியிறங்குவது போல வீட்டில் துக்கம் விழுகிறது.

ராசிபுரம் சொன்ன ஒரு செய்தி

ராசிபுரத்தின் பெயரை இனிஷியலாகச் சுமந்து உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண். அவர் பிறந்தது 1906-ல் சென்னையில் என்றாலும், பெயரின் முதல் 'ஆர்' ராசிபுரம்தான். கல்லூரி நுழைவுத் தேர்வில் ஒருமுறை தோற்று மறு ஆண்டு தேறியவர் அவர். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-ல், குழந்தைகள் முதுகில் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றி அவையில் பேசினார். அந்தப் பேச்சு நாடெங்கும் விவாதமானது. 1992-ல் விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 1993-ல் வந்த அதன் அறிக்கை, பையின் எடையைவிட மோசமான சுமை ஒன்று இருக்கிறது என்றது. அதுதான் புரியாமை என்னும் சுமை.

குரூப் மாறுவதைப் பற்றி யோசிக்கிற எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும். பாடம் கடினமா, எளிதா என்று பார்ப்பதைவிட, பிள்ளை சுமப்பது புரியவைத்தால் இறங்கிவிடுகிற சுமையா, அவள் போகிற வழிக்குத் தேவையே இல்லாத சுமையா என்று பார்க்க வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்துக்கு இதில் தனி அனுபவமே உண்டு. பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் வைத்துவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்துகிற வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் இருந்தது. அதைத் தடுக்கவே 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு பயம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பிளஸ் ஒன் கணிதத்தைத் தாண்டிக் குதித்த பிள்ளைக்குப் பிளஸ் டூ கணிதம் புரிவது கடினம். உங்கள் பிள்ளையின் வகுப்பில் இப்போது எந்தப் புத்தகம் நடக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் என்ன ஆயிற்று?

ராசிபுரத்து வீட்டுக்கே திரும்புவோம். சாப்பாடு முடிந்ததும் அப்புச்சி பேத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நீ என்னாகோணும்னு நெனைக்கிற கண்ணு?"

"மாட்டு டாக்டருங்க அப்புச்சி."

இது வீட்டில் யாருக்குமே தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் பேருந்தில் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

கால்நடை மருத்துவப் படிப்புக்குத் தமிழக ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரப்புகிறார்கள். உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் கணக்கில் வரும். கணிதம் வராது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் உணவுத் தொழில்நுட்பம் போன்ற பி.டெக். படிப்புகளுக்குக் கணிதம் கேட்பார்கள். கணிதத்தை விட்டால் கால்நடை மருத்துவத்துக்கு நேரம் கூடும். இடம் கிடைக்காமல் போனால் பொறியியல் என்ற மாற்று வழி இருக்காது. இரண்டையும் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

"மாப்பிள்ளை, நான் எஸ்.எஸ்.எல்.சி.ல ஜெனரல் மேத்ஸ்தானுங்க. அதுக்கப்புறம் கூட்டுறவுச் சங்கத்துல ரிடையர்டு ஆகற வரைக்கும் கணக்குதான் எழுதுனேன்" என்றார் அப்புச்சி.

"உங்க காலம் வேறங்க மாமா" என்றார் அப்பா. அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் குரலில் முன்பிருந்த கோபம் இல்லை.

திங்கட்கிழமை அப்பாவும் மகளும் பள்ளிக்குப் போனார்கள். ஆசிரியர் விடைத்தாளைப் பார்த்தார். குரூப் மாற்ற எந்தத் தேதி வரை முடியும், பியூர் சயின்ஸில் இடம் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டார்கள். பெயர்ப் பட்டியல் அனுப்பிய பிறகு மாற்றுவது சிரமம் என்பதால் இந்தத் தேதியைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் இருந்தது. அதுவரை மகள் கணிதத்தைத் தினமும் ஒரு மணி நேரம் ஒழுங்காகப் படித்துப் பார்ப்பது, அப்புறமும் மனசு அதே பக்கம் நின்றால் மாறிக்கொள்வது என்று முடிவானது.

இரண்டு வாரம் கழித்து அவள் மாறினாள். கணக்கு கொஞ்சம் புரியத் தொடங்கியிருந்தது. இருந்தும் மாறினாள். பயந்து ஓடியதாக இனி யாரும் சொல்ல முடியாது, அவளும் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள மாட்டாள்.

அடுத்த தெருவில் அதே தேர்வில் 11 வாங்கிய பையன் ஒருவன் இருக்கலாம். கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்தான் அவன் ஆசை. அவனுக்குப் பதில் வேறு. அவன் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

இரண்டு வீட்டிலும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "எவ்வளவு மார்க்கு?" அல்ல. "நீ என்னாகோணும்னு நெனைக்கிற கண்ணு?"