சொரியாசிஸ்: ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?

சர்க்கரை நோயின் நிலையை அறிய ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கொழுப்பின் அளவை அறியவும் இருக்கிறது. 'காளாஞ்சகப்படை' எனப்படும் சொரியாசிஸ் எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்பதைச் சொல்ல மட்டும் ஏன் ஒரு பரிசோதனை இல்லை? தோல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் நோயாளிகள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. கேள்வி நியாயமானது, ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாக இதற்கு விடை தேடிவருகிறார்கள்.

இந்நோயின் தீவிரத்தை அளக்க ஆய்வுகளில் பெரிதும் பயன்படுவது, 1978-இல் அறிமுகமான 'பி.ஏ.எஸ்.ஐ.' என்னும் அளவுகோல். தலை, கைகள், நடுவுடல், கால்கள் என உடலை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் சிவப்பு, தடிப்பு, செதில், பரவிய பரப்பு ஆகியவற்றுக்கு மருத்துவர் மதிப்பெண் இடுவார். முடிவில் 0 முதல் 72 வரை ஓர் எண் கிடைக்கும். அது 10-ஐத் தாண்டினால், பூச்சு மருந்துக்கு அப்பாற்பட்ட சிகிச்சை தேவைப்படும் நிலை என்று கருதுவது வழக்கம்.

இந்த எண் முழுவதும் மருத்துவரின் கண்ணைச் சார்ந்தது. ஒரே நோயாளிக்கு இரு மருத்துவர்கள் இரு வேறு எண்களைத் தரக்கூடும். மேலும், மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரிவதைவிட ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரிவதே அதிகம். சிவப்பைத் தேடும் கண்ணுக்கு நோய் குறைவாகவே தோன்றும். எனவே, தோலின் நிறத்தால் மாறாத ஒரு சான்றை ரத்தத்தில் தேடுவது பொருள் உள்ள முயற்சியே.

அதற்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. சொரியாசிஸ் தோலோடு நின்றுவிடும் நோயன்று. நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தூண்டப்பட, இன்டர்லூகின்-23, இன்டர்லூகின்-17 முதலான புரதங்கள் அழற்சியை வளர்க்கின்றன. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் தோலுக்கு ஈர்க்கப்படுகின்றன. மூட்டுவாதமும் இதய நோயும் இவர்களுக்குக் கூடுதலாக வருவதற்கு இவ்வழற்சியும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதமும், நியூட்ரோஃபில்களுக்கும் லிம்ஃபோசைட்டுகளுக்கும் இடையிலான விகிதமும் ஆய்வுக்கு வந்தது இதனால்தான். இந்த விகிதத்தைச் சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனையிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.

ஆனால், சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நலமுள்ளவர்களோடு ஒப்பிடுகையில் சொரியாசிஸ் நோயாளிகளிடம் இந்த எண்கள் சராசரியாக உயர்ந்திருக்கின்றன என்பது உண்மை. நோய் முற்ற முற்ற அவையும் சீராக உயர்கின்றனவா என்று கேட்டால், ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. உடல் பருமனும் பல்லில் வைத்த சீழும்கூட சி.ஆர்.பி.யைக் கூட்டிவிடும். ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவரின் தோல் தற்காலிகமாகத் தெளிந்திருக்கும். அதே மாத்திரை ரத்தத்தில் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையை உயர்த்தியிருக்கும். தோல் ஒன்று சொல்ல, ரத்தம் வேறொன்று சொல்லும்.

இது ஆய்வகத்துக்குள் முடிந்துவிடும் விவாதமன்று. இன்டர்லூகின்-17ஐத் தடுக்கும் ஊசிகள் போன்ற உயிரியல் மருந்துகள் விலை மிகுந்தவை. அவற்றை யாருக்குத் தருவது என்பதை ஓர் எண்ணைக் கொண்டு தீர்மானிக்கும் எண்ணம் எளிதில் எழும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் நோய் வந்த ஒரு கொத்தனாரை எண்ணிப் பாருங்கள். விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கையின் பரப்பு, உடற்பரப்பில் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான். அவருடைய பி.ஏ.எஸ்.ஐ. எண் குறைவாகவே இருக்கும். ரத்தமும் இயல்பாக இருக்கக்கூடும். வெடித்த கையால் கரண்டியைப் பிடிக்க முடியாமல் அவர் வேலையிழப்பது எந்த எண்ணிலும் பதிவாகாது. இத்தகைய இடங்களில் நோய் இருந்தாலே உள்மருந்துக்கு உரியவர் என்று சர்வதேச சொரியாசிஸ் கவுன்சில் 2020-இல் வகுத்த நெறி, இந்தக் குறையை உணர்ந்தே எழுந்தது.

ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. மெத்தோட்ரெக்சேட் தொடங்குமுன் கல்லீரலின் நிலையை அறியவும், சர்க்கரையையும் கொழுப்பையும் கண்காணிக்கவும் அது இன்றியமையாதது. மூட்டு வலியோடு வருபவரிடம் சி.ஆர்.பி. உயர்ந்திருந்தால், அது மூட்டை இன்னும் கவனமாக ஆராயத் தூண்டும். ரத்தக் குறியீடுகளைத் தீவிரத்தின் அளவுகோலாக ஏற்பதற்குமுன், உடல் பருமன், உடனிருக்கும் நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் கணக்கில்கொண்ட ஆய்வுகள் நம் மக்களிடையே நடக்க வேண்டும். கருந்தோலில் அழற்சியைக் கண்டறியும் பயிற்சி மருத்துவ மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும். தூக்கம், வேலை, மண வாழ்க்கை ஆகியவை எப்படி இருக்கின்றன என்று நோயாளியிடம் கேட்பதும் மதிப்பீட்டின் பகுதியாக வேண்டும்.

தோல், ரத்தம், நோயாளியின் சொல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோயின் அளவு புலப்படும். மூன்றில் எளிதாக எண்ணாக மாறுவது ரத்தம் என்பதாலேயே அதற்கு முதலிடம் தந்துவிடக் கூடாது.