சூரியப் பவளத்துக்கு வேண்டியது வெளிச்சம் இல்லை, சோறு!

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பது என்றதும் எல்லாரும் முதலில் பார்ப்பது விளக்கைத்தான். பெரும்பாலான பவளங்களுக்கு அது சரி. உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெளிச்சத்தில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுத்துவிடும். ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருக்கும் டியூபாஸ்ட்ரியா என்ற சூரியப் பவளம் அந்த ரகம் இல்லை. பேரில் மட்டும்தான் சூரியன்.. உடம்பில் பாசி கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த விளக்கைப் போட்டாலும் அதற்கு வயிறு நிறையாது.

வேடிக்கை என்னவென்றால், கடலில் இது நோஞ்சானே இல்லை. இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த இதன் ஒரு இனம் 1943-ல் கரீபியனில் பதிவானது. 1980களில் பிரேசிலின் எண்ணெய் மேடைகளில் ஒட்டிக்கொண்டு, பிறகு அங்கிருக்கும் உள்ளூர் உயிர்களையே நெருக்கித் தள்ள ஆரம்பித்தது. அப்படிப்பட்ட பவளம் வரவேற்பறைத் தொட்டியில் ஏன் சாகிறது? பட்டினியால்! கடலில் நீரோட்டமே மிதவை உயிரிகளைக் கொண்டுவந்து ஊட்டும். தொட்டியில் அது வளர்ப்பவர் வேலை.

சின்ன வேலை இல்லை அது. ஒரு கொத்தில் 30 வாய் இருந்தால் 30 வாய்க்கும், வாரத்தில் மூன்று நான்கு முறை, குழல் வைத்து மைசிஸ் இறாலைத் தனித்தனியாக ஊட்ட வேண்டும். இருட்டினால்தான் வாய் திறக்கும். முதலில் கொஞ்சம் இறால் தண்ணீரை விட்டுக் காத்திருந்தால் நாளடைவில் பகலிலும் திறக்கப் பழகும். மீன்கள் திருடாமல் இருக்க, அடி வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து மூடுவார்கள். மிச்சம் அழுகினால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும், அதனால் தண்ணீரை ஒழுங்காக மாற்றியாக வேண்டும்.

இவ்வளவும் செய்யாவிட்டால்? உடனே சாகாது. மாதக்கணக்கில் சதை சுருங்கி வெள்ளை எலும்பு தெரியும். அதற்குள் பழி தண்ணீர் மேல் விழுந்திருக்கும்!

ஆகவே இதைக் 'கடினமான பவளம்' என்று சொல்வதே சரியில்லை. பெரிய வித்தை எதுவும் தேவையில்லை, நேரம்தான் தேவை. வாங்கும் விலை ஒருமுறைச் செலவு. ஊட்டும் நேரம் ஆண்டுக்கணக்கில் தொடரும் செலவு. அதைக் கணக்கில் சேர்க்காதவர்கள் இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

இந்தியாவில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. 2001-ல் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. இங்கே பவளம் கடலிலேயே இருக்கட்டும். அங்கே அதற்கு ஊட்டிவிட ஆள் வேண்டாம்.