கரி பூசும் மரபும் நமது கடமையும்

டிசம்பர் 5 அன்று நெதர்லாந்தில் சிந்தர்கிளாஸ் விழா நடைபெறுகிறது. வெண்தாடியுடன் குதிரையில் வரும் ஆயர் குழந்தைகளுக்குப் பரிசு வழங்குவார். அவருக்குப் பின்னால் முகத்தில் கரிய சாயம் பூசி, உதடுகளில் சிவப்பு தீட்டி, சுருட்டைப் பொய்முடி அணிந்த வேலைக்காரர்கள் கோமாளித்தனம் செய்துகொண்டு வருவார்கள். 'கறுப்புப் பீட்டர்' என்று அந்த வேலைக்காரனுக்குப் பெயர். சாயம் பூசிக்கொண்டவர்கள் வெள்ளையர்கள்.

இது நிறவெறியா என்ற விவாதம் அங்கு நீண்ட காலம் நடந்தது. இது நிறவெறி என்று எழுதிய சட்டை அணிந்து நின்ற இளைஞர்களை 2011இல் டார்ட்ரெக்ட் நகரில் போலீசார் தரையில் வீழ்த்திக் கைது செய்தனர். அன்றைய பிரதமர் மார்க் ருட்டே 2014இல், கரீபியத் தீவுகளிலுள்ள தம் நண்பர்களுக்குச் சாயம் பூசும் தேவையே இல்லை, தமக்கோ அதைக் கழுவி அகற்றப் பல நாள் ஆகிறது என்று வேடிக்கையாகப் பேசினார். பிரச்சனையின் சாரம் முழுவதும் அந்த வேடிக்கையில் அடங்கியிருக்கிறது. சாயத்தைக் கழுவிக்கொள்ள முடிந்தவர் அதை விளையாட்டு என்கிறார். அதே நிறத்தோடு பிறந்த குழந்தை பள்ளிக்கூடத்தில் ஆண்டு முழுவதும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. ஜார்ஜ் ஃபிளாய்டு படுகொலைக்குப் பின் உலகெங்கும் எழுந்த போராட்ட அலைக்கு நடுவே, 2020 ஜூனில், தம் கருத்து பெரிதும் மாறிவிட்டதாக அதே பிரதமர் நாடாளுமன்றத்தில் கூறினார்.

சாயத்துக்குப் பின்னாலிருந்த கணக்கு

இந்தக் கறுப்பு வேலைக்காரன் தொன்றுதொட்டு வந்தவனும் அல்லன். யான் ஷென்க்மன் என்ற ஆசிரியர் 1850இல் வெளியிட்ட குழந்தைகள் நூலே அவனைப் பரப்பியது. அப்போது டச்சுக் காலனியான சூரினாமின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கு அடிமை முறை 1863 ஜூலை 1 அன்றுதான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அப்போதும் ஓர் அடிமைக்கு 300 கில்டர் வீதம் இழப்பீடு பெற்றவர்கள் தோட்ட முதலாளிகள். விடுதலை பெற்றவர்களோ மேலும் பத்தாண்டுகள் அரசுக் கண்காணிப்பின்கீழ் அதே தோட்டங்களில் வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள்.

இந்த வரலாறு நமக்கும் அந்நியமானதல்ல. பழவேற்காட்டில் கோட்டை கட்டி அமர்ந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களிலும் போர்க் காலங்களிலும் சோழமண்டலக் கரையில் ஆயிரக்கணக்கான ஏழைகளை விலைக்கு வாங்கி பட்டாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றியது. கறுப்புப் பீட்டரைப் பார்த்துச் சிரித்த நாட்டின் செல்வத்தில் நம் முன்னோரின் உடல்களும் விற்றுமுதலாயின.

ஆகவே நெதர்லாந்தைக் கண்டிப்பது நமக்கு எளிது. அதே அளவுகோலை நம் திருவிழாக்கள்மீது வைத்துப் பார்ப்பதுதான் கடினம்.

துளு நாட்டில் கொரகர்

கர்நாடகத்தின் தட்சிண கன்னடம், உடுப்பி மாவட்டங்களிலும் கேரளத்தின் காசர்கோட்டிலும் வாழும் கொரகர்கள் மிகவும் நலிந்த பழங்குடியினராக அரசால் வகைப்படுத்தப்பட்டவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இவர்கள் சுமார் 16,000 பேர். கூடை முடைதலும் துப்புரவுப் பணியும் இவர்களது வாழ்வாதாரம்.

இப்பகுதியில் கிருஷ்ண ஜெயந்தி, நவராத்திரி நாட்களில் 'கொரக வேஷம்' கட்டும் பழக்கம் இருந்துவந்தது. பிற சாதியினர் உடம்பெல்லாம் கரி பூசி, தலையில் கமுகம்பாளைத் தொப்பி வைத்து, கொரகர்களின் பேச்சையும் நடையையும் கேலி செய்து ஆடுவார்கள். கறுப்புப் பீட்டருக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகக் குறைவு.

இங்கும் வேஷத்துக்கு அடியில் கட்டாய உழைப்பின் கணக்கு இருந்தது. அதன் பெயர் 'அஜலு'. கம்பளா எருமைப் பந்தயம் தொடங்கும் முன் கொரகர்களை எருமைகளைப் போல் வயலில் ஓடவிடுவார்கள். உயர்சாதி வீட்டாரின் தோஷம் நீங்குவதற்காக முடியும் நகமும் கலந்த சோற்றைக் கொரகர்களை உண்ண வைப்பார்கள். இவற்றை மறுக்க அவர்களுக்கு நிலமும் இல்லை, வேறு பிழைப்பும் இல்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், உண்ணத் தகாத பொருளை உண்ண வைப்பது குற்றமென எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அஜலு ஓயவில்லை. அதைத் தடை செய்யக் கர்நாடக அரசு 2000இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

2022 ஜனவரியில் விட்டலா அருகே ஒரு திருமண வீட்டுக்கு, முஸ்லிம் மணமகன் ஒருவர் முகத்தில் கரி பூசி, பாளைத் தொப்பி அணிந்து கொரகஜ்ஜா தெய்வத்தைப் போல் வந்தார். வழக்குப் பதிவானது, மணமகன் மன்னிப்பும் கேட்டார். அவர் செய்தது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்துத்துவ அமைப்புகள் அதை இந்து தெய்வத்துக்கு நேர்ந்த அவமதிப்பாக மட்டுமே பேசின. உயிரோடிருக்கும் கொரகர் அவர்களது முழக்கத்தில் இடம்பெறவில்லை. கொரகஜ்ஜா கொரக இனத்தில் பிறந்து தெய்வமாக்கப்பட்டவர். அவரை வணங்குகிறவர்கள் அவர் வழிவந்தோருக்கு நகம் கலந்த சோற்றை இட்டபோது இந்த அமைப்புகளின் மனம் புண்படவில்லை.

மாமூல் என்ற கேடயம்

'இது எங்கள் மரபு' என்ற வாதத்தை நம் இயக்கம் ஹைதராபாத் மண்ணில் முன்பே சந்தித்திருக்கிறது. நிஜாம் ஆட்சியில் தேஷ்முக்குகளும் ஜாகிர்தார்களும் சலவைத் தொழிலாளியிடமும் குயவரிடமும் தலித் மக்களிடமும் கூலியின்றி வாங்கிய வெட்டி வேலையை மாமூல் என்றே அழைத்தார்கள். 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டம் சுமார் 3,000 கிராமங்களில் அந்த மாமூலை முறித்தது. 10 லட்சம் ஏக்கர் நிலத்தைப் பகிர்ந்தளித்தது. காலையில் வெட்டியை மறுத்த மனிதன் மாலையில் 'தொரா'வின் முன் செருப்பணிந்து நிமிர்ந்து நடந்தான். நிலத்துக்கான போராட்டமும் மானத்துக்கான போராட்டமும் அங்கே வேறு வேறாக இருக்கவில்லை.

அதே நகரில் மாசப் டாங்க்கை ஒட்டி ஏ.சி. கார்ட்ஸ் என்ற பகுதி இருக்கிறது. நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படையினர் வாழ்ந்ததால் வந்த பெயர் அது. அவர்களின் வழித்தோன்றல்களான சித்திகளின் மர்ஃபா மேளம் இல்லாமல் ஹைதராபாத்தின் பல திருமண ஊர்வலங்கள் நிறைவடைவதில்லை. அந்த மேளத்தைக் கொண்டாடும் நகரில்தான், 2016 மே மாதம், வாகனம் நிறுத்துவது தொடர்பான தகராறில் நைஜீரிய மாணவர் ஒருவர் இரும்புத் தடியால் தாக்கப்பட்டார். அதற்குச் சில நாட்கள் முன்பு தில்லியில் காங்கோ நாட்டவர் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டிருந்தார். இவை தனித்தனிச் சச்சரவுகள் என்று அதிகாரிகள் கூறலாம். கறுப்பு நிறத்தை இழிவோடும் கேலியோடும் பிணைத்துப் பழக்கிய சமூகத்தில் கை ஓங்குவது எளிதாகிவிடுகிறது என்பதே நாம் காண வேண்டிய உண்மை.

தமிழ்த் திரையும் இதில் பங்காளி. 2007இல் வெளிவந்த 'சிவாஜி' படத்தில் இரண்டு பெண்களைக் கரிய ஒப்பனையில் நிறுத்தி, அவர்களைக் கண்டு கதாநாயகன் மிரள்வதை நகைச்சுவையாக்கினார்கள். அவர்களுக்குச் சூட்டிய பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரி மகளிரின் பெயரைக்கூட நிறக் கேலிக்குப் பயன்படுத்தலாம் என்ற துணிச்சல், பார்வையாளர்கள் சிரிப்பார்கள் என்ற நிச்சயத்திலிருந்து வந்தது. அந்தப் பார்வையாளர்களில் பெரும்பான்மையோர் அதே நிறத்தவர்கள்.

தோழர்களின் ஐயம்

கூலி, நிலம், விலைவாசி என்று தலைக்குமேல் பிரச்சனைகள் இருக்கும்போது வேஷத்தையும் ஒப்பனையையும் பற்றிப் பேசுவது நேரத்தை வீணடிப்பதல்லவா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நேர்மையானது. பதில் நெதர்லாந்திலேயே இருக்கிறது. கறுப்புப் பீட்டரைக் காக்க 2017இல் தனிச் சட்டம் கொண்டுவர முயன்றது கீர்ட் வில்டர்சின் தீவிர வலதுசாரிக் கட்சி. 'உங்கள் திருவிழாவைப் பறிக்க வருகிறார்கள்' என்று அது சாதாரண மக்களிடம் சொன்னது. 2023 தேர்தலில் அதே கட்சி 37 இடங்களுடன் முதலிடம் பிடித்தது. அந்த வெற்றிக்குக் காரணங்கள் பல. ஆனால் பண்பாட்டுக் களத்தை நாம் காலி செய்தால் அது வெறுமையாக இருக்காது என்பது உறுதி. உழைப்பவரின் கோபத்தை இன்னொரு உழைப்பவர்மீது திருப்பிவிடும் சக்தி அங்கே வந்து அமரும். கம்பளா, ஜல்லிக்கட்டு, கோயில் விழா என அனைத்திலும் சங் பரிவாரம் இதைத்தான் செய்ய முயல்கிறது.

இன்னொரு பாடமும் உண்டு. நெதர்லாந்தின் பல நகரங்களில் கரிய சாயத்தைக் கைவிட்டு, புகைபோக்கிக் கரி கன்னத்தில் லேசாகப் படிந்தாற்போன்ற தோற்றத்துக்கு மாறினார்கள். பரிசும் பாட்டும் அப்படியே தொடர்கின்றன. இழிவை நீக்கினால் விழா அழிந்துவிடாது. மக்களின் கொண்டாட்டத்துக்கு எதிரிகளாக நிற்காமல், கொண்டாட்டத்தில் எல்லோருக்கும் சம இடம் கேட்பவர்களாக நாம் பேச வேண்டும்.

மறுபக்கம், முகச்சாயத்தைக் கழுவியதோடு கடமை முடிந்தது என்ற தாராளவாத மனநிறைவும் நமக்கு ஆகாது. கொரகர்களுக்குக் குடும்பத்துக்கு 2.5 ஏக்கர் நிலம் வழங்க வேண்டுமென முகமது பீர் குழு பரிந்துரைத்துப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர்கள் ஆகஸ்ட் 18 அன்று கொண்டாடும் நிலத் திருநாள் இன்றும் கோரிக்கை நாளாகவே நீடிக்கிறது. வேஷத்தைத் தடை செய்வது அரசுக்குச் செலவில்லாத வேலை. நிலம் கொடுப்பதில்தான் வர்க்க நலன் குறுக்கே நிற்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்கும் துணிவு இடதுசாரிகளுக்கே உண்டு.

நம் கலைக்குழுக்களும் தங்களைப் பரிசீலிக்க வேண்டும். வீதி நாடகத்தில் கூலித் தொழிலாளியையோ பழங்குடியினரையோ காட்டக் கரி பூச வேண்டியிருக்கிறதா? அந்தப் பாத்திரத்தை ஏற்க அந்த மக்களிலிருந்தே ஒருவர் நம் குழுவில் இருக்கிறாரா? இல்லையென்றால் ஏன் இல்லை? கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுவோம். ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் சாதிக் கேலியையும் நிறக் கேலியையும் பட்டியலிட்டு, பாதிக்கப்படும் மக்களோடு சேர்ந்து அவற்றை எதிர்ப்போம். ஒரு வேடிக்கை வேடிக்கைதானா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, அந்த வேடிக்கைக்கு ஆளாக்கப்படுகிறவர்களுக்கே முதலில் உரியது.