எண்ணெய்க் கைக்கு எவ்வளவு வல்லமை?

கபடிப் பயிற்சி முடிந்த மாலைகளில் நம் விடுதித் தாழ்வாரத்தில் நிகழும் காட்சியை அறியாத நண்பர் இரார். ஒருவர் பாயில் குப்புறப் படுத்திருப்பார். மற்றொருவர் கடுகெண்ணெயைக் கையிலேந்தி அவர் கெண்டைக்காலை உருவிக்கொண்டிருப்பார். நல்லெண்ணெய் கண்ட நமக்கு அந்த வாடை பழகவே ஓராண்டாகிறது, அது கிடக்கட்டும்.

விளையாட்டு விழாவுக்குக் கூலி கொடுத்து உருவிவிடும் ஆள் ஒருவரை அமர்த்த வேண்டுமென்று சங்கக் கூட்டத்தில் சிலர் கேட்டனர். தசையில் தேங்கிய அமிலம் வெளியேறுமாம், ஓட்டம் கூடுமாம். வேதியியல் பயில்பவன் என்ற முறையில் நான் இதனை மறுக்கிறேன். கடும் உழைப்பில் மிகும் இலாக்டிக் அமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானே அகன்றுவிடுகிறது. மறுநாள் நம்மை மாடிப்படி இறங்கவொட்டாமல் செய்யும் வலிக்குத் தசையிழைகளின் நுண்ணிய சிதைவும் அதையொட்டிய அழற்சியுமே காரணம். கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010இல் அளந்தபோது, அழுத்தும் கை குருதியோட்டத்தைத் தடுத்து, அமிலம் அகல்வதைத் தாமதப்படுத்தவே செய்தது!

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. 2012இல் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 11 இளைஞரைச் சோர்வுறும்வரை மிதிவண்டி மிதிக்கச் செய்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் உருவினர். அக்காலின் தசையில் அழற்சிக் குறிகள் குறைந்திருந்தன. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2020இல் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலிமையோ பாய்ச்சலோ ஓட்டமோ கூடவில்லை. வலி சிறிது குறைந்தது, உடல் வளையும் தன்மை சிறிது மிகுந்தது. அந்தச் 'சிறிது' எனக்குப் போதும். பாதத்திலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் மெல்ல நீவி, தசை சூடேறியபின் திரளைப் பிடித்துப் பிசைந்து, இறுகிய இடத்தில் மட்டும் பெருவிரலால் தேய்த்து, மீண்டும் நீவி முடிப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். இதற்கு ஏன் கூலி?

என் அச்சம் வேறு. சென்ற ஆண்டு ஒரு தம்பியின் தொடையில் எதிராளியின் முழங்கால் மோதியது. சுளுக்கென்று எண்ணி அன்றிரவே அழுத்தி உருவியவன் நான்தான். விடியுமுன் தொடை வீங்கிக் கன்றிப்போயிற்று. மருத்துவர் கடிந்துகொண்டார். உள்ளே குருதி கசியும் தசையை அழுத்தினால் கசிவு பெருகும். சிலருக்கு அத்தசைக்குள்ளேயே எலும்பு வளரவும் கூடும் என்றார். தம்பி இரண்டு திங்கள் ஆடவில்லை. "பரவாயில்லை அண்ணா" என்று அவன் சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, கூலிப் பணத்தில் பனிக்கட்டிப் பையும் நெகிழ்கட்டுத் துணியும் வாங்குவோம். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் அவ்விடத்தில் யாரும் கை வைக்கலாகாது. மற்ற நாட்களில் ஒருவரையொருவர் உருவிவிடுவோம். பிறர் காலைப் பிடிப்பது ஏவலாள் வேலையென்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள், இக்காசியின் அகாடாவொன்றுக்கு ஒரு காலைப்பொழுது வந்து பார்க்கட்டும். அங்கே மல்லர்கள் தம் தோழர்க்குத் தாமே உருவிவிடுகிறார்கள். எண்ணெய்ச் செலவு என்னுடையது. பொங்கலுக்கு ஊர் சென்று திரும்புகையில் நல்லெண்ணெயே கொண்டுவருகிறேன்.