பனியும் ஹைட்ராலிக்கும்: ஒரு பி.காம் கணக்கு

பி.காம் படிக்கிற பையனுக்கு டிராக்டர்ல என்ன வேலைன்னு கேட்காதீங்க. காசு எங்கே புழங்குதோ அங்கெல்லாம் காமர்ஸ் உண்டு!

விஷயம் இதுதான். அமெரிக்கா, கனடா பக்கம் சின்ன டிராக்டர் வெச்சிருக்கிறவங்க, பனியை வாரி வீசுற ஸ்னோப்ளோயருக்கு வீட்டுப் பட்டறையிலேயே ஹைட்ராலிக் அமைப்பு செஞ்சு மாட்டிக்கிறாங்க. இது புத்திசாலித்தனமா, விஷப்பரீட்சையா?

முதல்ல ஏன் செய்றாங்கன்னு பார்ப்போம். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு சுழன்று பனியை உள்ளே இழுக்குது. பனி ஒரு குழாய் வழியா வெளியே பறக்குது. அந்தக் குழாயின் திசையை மாத்த பல மாடல்கள்ல கையால சுத்துற கைப்பிடிதான். பின்பக்கம் மாட்டின ஸ்னோப்ளோயர்னா இன்னும் மோசம். கழுத்தைத் திருப்பிக்கிட்டே ரிவர்ஸ் எடுக்கணும், ஒரு கையில ஸ்டீயரிங், இன்னொரு கையில கைப்பிடி. காத்து திசை மாறினா பனி முழுக்க நம்ம முகத்துல, இல்லேன்னா பக்கத்து வீட்டுக் கார் மேல.

தீர்வு சிம்பிள். குழாயைத் திருப்ப ஒரு சின்ன ஹைட்ராலிக் மோட்டார், மேல் மூடியைச் சாய்க்க ஒரு சிலிண்டர், சீட் பக்கத்துல ஒரு லீவர். டிராக்டர்ல ஹைட்ராலிக் இணைப்பு வாய்கள் இருந்தா போதும். டிராக்டர் தர்ற எண்ணெய் ஓட்டம் இந்தச் சின்ன மோட்டாருக்கு ரொம்ப அதிகம். ஓட்டத்தைக் குறைக்கிற ஒரு அடைப்பான் போடலைன்னா குழாய் படார்னு சுத்திப் போய் இடிக்கும்.

கம்பெனியே இதை விக்குதே, விலை ஏன் அதிகம்? கொள்ளைன்னு திட்டுறது சுலபம். ஆனா விற்கிற எண்ணிக்கை குறைவு. வடிவமைப்புச் செலவு, டீலர் கமிஷன், விபத்து நடந்தா வழக்குச் செலவு எல்லாம் அந்தச் சில நூறு பேர் தலையிலதான் ஏறும். வீட்ல செய்றவர் மிச்சம் பிடிக்கிறது இதைத்தான். அதாவது, விபத்துப் பொறுப்பையும் தானே வாங்கிக்கிறார்!

அந்தப் பொறுப்பு சின்னதில்லை. இந்தக் குழாய்கள்ல சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டுக்கு மேல அழுத்தம் இருக்கும். ஊசித்துளை அளவு கசிவு போதும், எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே சின்ன புள்ளி மாதிரிதான் தெரியும், உடனே அறுவை சிகிச்சை செய்யலைன்னா விரலோ கையோ போகலாம். அதனால கசிவைத் தேட விரலை விடாதீங்க, ஒரு அட்டைத் துண்டைப் பிடிங்க.

வாரண்டி போயிடுமேன்னு பயப்படுறவங்களுக்கு: அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வீட்டு உபயோகப் பொருள்ல வேற பாகம் மாட்டினது மட்டுமே வாரண்டியை மறுக்கக் காரணம் ஆகாது. ஆனா அந்தப் பாகத்தாலதான் பழுதுன்னா செலவு உங்களோடது.

என் கட்சி? செய்யுங்க, தாராளமா செய்யுங்க. 1925-ல் கியூபெக்கின் ஆர்தர் சிகார்ட் தானே ஓடுற முதல் ஸ்னோப்ளோயரைச் செஞ்சதும் இப்படி ஒரு தனி மனுஷனோட முயற்சிதானே. ஆனா மிச்சம் பிடிக்கிற இடம் இரும்புச் சட்டமும் லீவரும்தான். ஹோஸ், இணைப்புகள், வால்வு மூணையும் அழுத்தத்துக்கும் குளிருக்கும் ஏத்த தரத்துல கடையில வாங்குங்க. பாதுகாப்பு மூடிகளைக் கழட்டாதீங்க. குழாய் அடைச்சா இன்ஜினை நிறுத்திட்டு குச்சியால குத்துங்க, கையால இல்லை.

கடைசியா, கணக்குப் பாடத்துல கன்டிஞ்சென்ட் லயபிலிட்டின்னு ஒண்ணு படிக்கிறோம். இன்னைக்குக் கடன் இல்லை, நாளைக்கு வெடிக்கலாம். அதைக் குறிப்புல காட்டணும்கிறது விதி. வரைபடம் இல்லாத வீட்டுத் தயாரிப்பும் அப்படித்தான். டிராக்டரை விக்கும்போது வாங்குறவர்கிட்ட ஒரு தாள்ல எல்லாத்தையும் எழுதிக் கொடுங்க. மிச்சம் பிடிச்சது நீங்க, கையைக் கொடுக்கிறது அவரா இருக்கக் கூடாது.